காசில் வந்த சீசர், கூட்டத்தில் கேட்ட ஜார்

1984இல் திருப்பூரில் பஞ்சப்படிக்காக நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. அதில் எத்தனையாவது நாள் என்று நினைவில்லை. ஒரு சாயங்காலம் அப்பா என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துப் பொதுக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். டியூப்லைட்டைச் சுற்றிப் பூச்சி மொய்த்தது. மேடையில் இருந்தவர் வெகுநேரம் பேசினார். கூலி, பஞ்சப்படி, போனஸ் எல்லாம் எனக்கும் புரிந்தன. புரியாத ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: ஜார். அந்தச் சொல் வந்தபோதெல்லாம் கூட்டம் கைதட்டியது. திரும்பும் வழியில், “ஜாருங்கிறது யாருப்பா?” என்று கேட்டேன். பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிள் முன்னால் ஆயுளில் பாதியை நின்றே கழித்த மனிதர் அவர். சைக்கிளை மிதித்துக்கொண்டே சொன்னார்: “அது ஆள் பேரில்ல கண்ணு. ரஷ்யாங்கிற நாட்டுக்கே மொதலாளி.”

பிற்காலத்தில் சொற்களின் பின்னால் அலையும் பழக்கம் எனக்கு வந்தபோது, முதலில் தேடிப்போனது இந்தச் சொல்லைத்தான். அப்பா சொன்னதில் முதல் பாதியை மட்டும் திருத்த வேண்டியிருந்தது. அது ஆள் பெயர்தான். ஒரு குடும்பப் பெயர். இரண்டாயிரம் வருஷம் பல நாடுகளின் வாயில் அடிபட்டு, தேய்ந்து, கடைசியில் பெயர் என்பதே மறந்துபோனது.

தமிழில் நாம் சொல்லும் ‘ஜார்’ ரஷ்யாவிலிருந்து நேராக வரவில்லை. ரஷ்யரின் வாயில் அது ‘த்ஸார்’. த், ஸ் இரண்டும் ஒட்டி ஒரே ஒலியாகப் பிறக்கும். 1549இல் ஹெர்பெர்ஷ்டைன் என்ற ஆஸ்திரியத் தூதர் மாஸ்கோவைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் இந்த ஒலிக்குக் கொடுத்த எழுத்துக்கூட்டல் ஆங்கிலத்துக்கும் போயிற்று. எழுத்தைப் பார்த்துப் படித்த ஆங்கிலேயர் அதை ‘இசட்’ ஒலியில் உச்சரித்தார்கள். அந்த ஒலிக்குத் தமிழில் நாம் வைத்திருப்பது ஜகரம். பூஜ்யத்தை ‘ஜீரோ’ என்கிறோம், சட்டைக்கு வைப்பதை ‘ஜிப்’ என்கிறோம், தையலில் கோணல்மாணலாக ஓடுவதை ‘ஜிக்ஜாக்’ என்கிறோம். அந்த வழியில்தான் ‘ஜார்’ வந்தது. லண்டன் தந்தியிலும் சென்னைப் பத்திரிகையிலும் பயணம் செய்து வந்த சொல் இது. ரஷ்யப் பனி அதில் ஒட்டியிருக்கவில்லை.

‘சார்’ என்று அதிகாரியைக் கூப்பிடுகிறோமே, அதுவும் இதுவும் ஒன்று என்று சிலர் சொல்வார்கள். இல்லை. அந்தச் ‘சார்’ மூத்தவர் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘சர்க்கார்’ பாரசீகச் சொல். ஒலி ஒத்திருப்பதால் மட்டும் உறவு வந்துவிடாது.

ரஷ்யரின் ‘த்ஸார்’ என்பது ‘த்ஸேசார்’ என்ற பழைய ஸ்லாவ் சொல்லின் சுருக்கம். அதன் மூலம் ‘சீசர்’. ரோமாபுரியில் அதை ‘கைசர்’ என்றுதான் உச்சரித்தார்கள். ஜூலியஸ் என்பவரின் குடும்பப் பெயர் அவருக்குப்பின் பட்டமாயிற்று. ரோம் போனபிறகு பைசாந்தியம், அது போனபிறகு மாஸ்கோ என்று பட்டம் கைமாறியது. 1547 ஜனவரியில் நான்காம் இவான்தான் ‘த்ஸார்’ என்று முறைப்படி முடிசூட்டிக்கொண்ட முதல் ரஷ்ய மன்னர். 1721இல் மகா பீட்டர் அதற்கும் மேலாக ‘இம்பெராத்தர்’ என்ற பட்டத்தை எடுத்துக்கொண்டார். அதன்பின் சட்டப்படி ரஷ்ய மன்னர் இம்பெராத்தர்தான். ஆனால் ஜனங்கள் விடவில்லை. குடியானவன் வாயில் கடைசிவரை ‘த்ஸார்’தான் இருந்தது. அதோடு ‘பாத்யுஷ்கா’ என்று ஒட்டிச் சொல்வார்கள். ‘அப்பாரு’ என்று கொங்கில் சொல்லும்போது வரும் உரிமையும் பயமும் அதில் இருக்கும்.

ஜூலியஸின் குடும்பத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதில் பழைய ரோமானியருக்கே ஒத்த கருத்தில்லை. தாயின் வயிற்றைக் கீறிப் பிறந்ததால் என்றார்கள். அடர்ந்த தலைமுடியால் என்றார்கள். முன்னோர் ஒருவர் போரில் யானையைக் கொன்றார், மூர் இனத்தவரின் பேச்சில் யானைக்கு அந்தப் பெயர் என்றும் ஒரு கதை உண்டு. ஜூலியஸ் வெளியிட்ட வெள்ளிக்காசு ஒன்றில் யானை இருக்கிறது.

ரோமானியக் காசு வந்தேறிய ஊர் நம்முடையது. இதை எழுதும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. ‘ஜார்’ என்ற சொல்லை 1984இல் தூரதேசத்துச் சொல்லாகக் கேட்டேன். அதன் தாய்ச்சொல் இரண்டாயிரம் வருஷமாக எங்கள் காட்டுக்கடியில் கிடந்திருக்கிறது. நொய்யல் வெள்ளலூரைத் தொட்டு, திருப்பூருக்கு நடுவில் ஓடி, கொடுமணல் தாண்டிக் காவிரியில் சேர்கிறது. வெள்ளலூரில் 1842இல் ஒரே இடத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. காத்தாங்கண்ணியிலும், உடுமலைப் பக்கம் பூதிநத்தத்திலும், கரூரிலும் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் இருவரின் காசுகள்.

டைபீரியஸ் காசு ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கோட்டுப் பட்டன் அளவுதான். எடை நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஒருபக்கம் தலையில் இலைமாலை சூடிய முகம். கழுத்து நீளம், மூக்கு கூர்மை. மறுபக்கம் நாற்காலியில் ஒரு பெண், கையில் கிளை. முகத்தைச் சுற்றி ஓரத்தில் எழுத்துகள் நெருக்கியடித்து ஓடுகின்றன. முதல் இரண்டு எழுத்து டைபீரியஸைக் குறிக்கும் சுருக்கம். அடுத்த ஆறு எழுத்து: கைசர். ‘தெய்வமான அகஸ்டஸின் மகன்’ என்று அது தொடர்கிறது. நகத்தால் தடவினால் அந்த ஆறு எழுத்தும் விரலில் தட்டுப்படும்.

காங்கயம் சாலையில் இருக்கும் படியூரின் பச்சைக்கல்லுக்கும், கொடுமணலில் பட்டை தீட்டிய மணிகளுக்கும், மேற்குக்கரை மிளகுக்கும் விலையாக வந்த வெள்ளி அது. ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று பிளினி குறைப்பட்டு எழுதினார். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு போவதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு பதிந்து வைத்திருக்கிறது. ஆனால் சங்கப் பாட்டு எதிலும் ‘கைசர்’ என்ற சொல் இல்லை. காசு கைக்கு வந்தது, முகம் கண்ணுக்குத் தெரிந்தது, பெயரைப் படிக்க யாருக்கும் தேவை ஏற்படவில்லை. இங்கே அது எடைபோட்டு வாங்கிய வெள்ளி. அதே காசின் பெயரான ‘தெனாரியுஸ்’ மட்டும் வேறு வழியில் ஓடித் ‘தினார்’ ஆகி, இன்று குவைத்தில் வேலைசெய்யும் நம் பிள்ளைகளின் சம்பளமாக இருக்கிறது.

தமிழ் அந்தப் பெயரை முதலில் மொழிபெயர்த்துதான் எடுத்துக்கொண்டது. தமிழ் பைபிளைத் திறந்து பாருங்கள். வரி கேட்கும் ரோமானிய மன்னருக்கு அங்கே பெயர் ‘இராயன்’. அகுஸ்துராயன், திபேரியுராயன் என்றே வரும். விஜயநகரத்து ராயர்களை ஆண்ட மன்னராக அறிந்திருந்த நாட்டில், மொழிபெயர்த்தவர்களுக்குச் சீசரைப் புரியவைக்க அதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது. பெயரைப் பெயராக விடாமல், அந்தப் பெயர் செய்யும் வேலைக்கு நம்மிடம் இருந்த சொல்லைப் போட்டார்கள். எனக்கு இந்த மொழிபெயர்ப்பின்மேல் பெரிய மரியாதை உண்டு.

வடக்கே கதை வேறு. சிந்து நதியோரம் ஆரா என்ற இடத்தில் கிடைத்த குஷானர் கல்வெட்டில், கனிஷ்கன் என்ற பெயருடைய மன்னனுக்கு மகாராஜா, தேவபுத்திரன் என்ற பட்டங்களோடு ‘கைசர’ என்றும் இருப்பதாக அறிஞர்கள் படிக்கிறார்கள். பிறகு பாரசீகத்தில் ‘கைசர்’ நிலைத்தது. 1877 ஜனவரி 1 அன்று டெல்லி தர்பாரில் விக்டோரியா ராணியை இந்தியாவின் பேரரசியாக அறிவித்தபோது, அந்தப் பட்டத்துக்கு இந்தியச் சொல் தேடி, லைட்னர் என்ற மொழி அறிஞர் சொன்ன யோசனைப்படி ‘கைசர்-இ-ஹிந்த்’ என்று வைத்தார்கள். அதே பெயரில் ஒரு பதக்கமும் பின்னால் வந்தது. 1915இல் காந்தி அதை வாங்கிக்கொண்டார், 1920இல் திருப்பி அனுப்பினார்.

இப்போது 1914ஐ நினைத்துப் பாருங்கள். உலகப் போர். இந்தப் பக்கம் இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜ், இந்தியாவுக்கு அவர் ‘கைசர்-இ-ஹிந்த்’. அந்தப் பக்கம் ஜெர்மனியின் இரண்டாம் வில்ஹெல்ம், அவர் ‘கைசர்’. ஜார்ஜோடு சேர்ந்து ரஷ்யாவின் இரண்டாம் நிக்கோலஸ், அவர் ‘ஜார்’. மூவரும் சொந்தக்காரர்கள். ஜார்ஜின் அம்மாவும் நிக்கோலஸின் அம்மாவும் உடன்பிறந்த அக்கா தங்கை. ஜார்ஜும் வில்ஹெல்மும் விக்டோரியாவின் பேரன்கள். ஒரே சொல்லின் மூன்று உச்சரிப்பு மூன்று பங்காளிகளுக்குப் பட்டமாகி ஒன்றையொன்று அடித்துக்கொண்டது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய் டாங்கிகளைச் சுட்டுவிட்டுப் போன எம்டன் கப்பல் கைசருடையது. அந்தக் கப்பலின் பெயர் தமிழில் இன்றும் ‘சரியான எம்டன்’ என்று உயிரோடு இருக்கிறது. அனுப்பிய கைசரின் பெயர் வழக்கில் நிற்கவில்லை.

அதற்கு நாலு வருஷம் முன்னால், 1910 மே மாதம், ஜார்ஜின் தகப்பனார் ஏழாம் எட்வர்டின் இறுதி ஊர்வலம் லண்டனில் போயிற்று. சவப்பெட்டிக்குப் பின்னால் அவர் வளர்த்த சிறிய நாய் நடந்தது. நாட்டு மன்னர்களெல்லாம் அதற்குப் பின்னால் வந்தார்கள், வில்ஹெல்மும் அதில் ஒருவர். அந்த நாயின் பெயர் சீசர். வெள்ளைக்காரர்களின் இந்தப் பழக்கம் நம்மிடமும் ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் எந்த ஊரில் எந்த வீதியில் போய் “சீசர்” என்று கூப்பிட்டாலும் ஏதோ ஒரு வாசலில் நாய் எழுந்து நிற்கும். எங்கள் வீதியிலும் உண்டு. ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற பெண்களை வீடுவரை கொண்டுபோய் விட்டுத் திரும்புகிற நல்ல நாய்.

இனி நிக்கோலஸுக்கு வருகிறேன். அவர் தனிப்பெயரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கிரேக்கத்தில் ‘நீகே’ என்றால் வெற்றி, ‘லாவோஸ்’ என்றால் மக்கள். மக்களின் வெற்றி. முதல் பாதியை நாம் ஷூவிலும் டி-சர்ட்டிலும் அச்சான கம்பெனிப் பெயராக அறிவோம். ஆக, அவர் கையெழுத்து போடும் ஒவ்வொரு முறையும் மக்களின் வெற்றி என்று எழுதித்தான் உத்தரவு போட்டார்.

பிறந்தது 1868 மே 18. பழைய நாட்காட்டிப்படி மே 6, யோபுவின் திருநாள். பொறுமையோடு துன்பப்பட்ட அந்த விவிலிய மனிதரின் நாளில் பிறந்ததைத் தன் தலையெழுத்தாகவே அவர் எண்ணினார். பட்டத்து இளவரசராக 1890 டிசம்பரில் ‘பாமியத் அசோவா’ கப்பலில் பம்பாய் வந்து இறங்கினார். வட இந்தியாவைச் சுற்றி, சென்னையையும் பார்த்துவிட்டுக் கொழும்புக்குப் போனார். அங்கிருந்து கிழக்கே போன பயணத்தில், 1891 மே மாதம் ஜப்பானின் ஒட்ஸு ஊரில் காவலுக்கு நின்ற போலீஸ்காரரே வாளால் தலையில் வெட்டினார். தழும்பு கடைசிவரை இருந்தது.

1894இல் தகப்பனார் திடீரென்று இறந்ததும் 26 வயதில் ஆட்சி கைக்கு வந்தது. 1896 மே 26இல் முடிசூட்டல். நாலு நாள் கழித்து மாஸ்கோவுக்கு வெளியே கோதின்கா மைதானத்தில் ஜனங்களுக்குப் பரிசு கொடுப்பதாக அறிவித்தார்கள். பரிசு என்னவென்றால், ஒரு சீட்டித்துணிக் கைக்குட்டையில் கட்டிய முடிச்சு. உள்ளே ரொட்டி, மாமிசத் துண்டு, இனிப்பு, மன்னரின் முத்திரை போட்ட எனாமல் குவளை. லட்சக்கணக்கில் ஜனம் ராத்திரியே வந்து காத்துக்கிடந்தது. மைதானம் பள்ளமும் குழியுமாக இருந்தது. பரிசு போதாது என்று விடிகாலையில் ஒரு பேச்சு பரவ, கூட்டம் முன்னால் தள்ளியது. அரசுக் கணக்கிலேயே 1,389 பேர் மிதிபட்டுச் செத்தார்கள். அன்று ராத்திரி பிரெஞ்சுத் தூதர் வைத்த நடன விருந்துக்கு மன்னர் போனார். போக மனமில்லை, உறவினர்கள் வற்புறுத்தினார்கள் என்கிறார்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அடிபட்டவர்களைப் பார்த்ததும் உண்மை. ஆனால் ஜனத்தின் நினைவில் நின்றது நடனம்தான். எனாமல் குவளைக்குத் துயரக் குவளை என்று பெயர் வந்தது.

அடுத்த வருஷம், 1897, ரஷ்யாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. படிவத்தில் தொழில் என்ற இடத்தில் நிக்கோலஸ் எழுதினார்: ‘ரஷ்ய மண்ணின் ஹொஸ்யாயின்’. அந்தச் சொல்லுக்கு வீட்டுக்காரர், உடைமைக்காரர், முதலாளி என்று பொருள். இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கணக்கெடுப்பைப் பற்றி ஒன்றும் தெரியாமலே அப்பா சைக்கிள் மேல் இருந்து சொன்ன விடை அது. ‘ஹொஸ்யாயின்’ என்பதன் வேர் பாரசீகத்தின் ‘குவாஜா’, துருக்கிய மொழிகள் வழியாக ரஷ்யத்துக்குப் போனது. நம் ஊரில் காஜா மைதீன் என்று பெயர் வைக்கிறோமே, அந்தக் காஜா. பட்டனுக்குத் துளை தைக்கிற ‘காஜா’ வேறு. அது போர்த்துகீசியரின் ‘காசா’, வீடு. பட்டன் குடியிருக்கிற வீடு.

1904இல் ஜப்பானோடு போர், தோல்வி. 1905 ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை. பீட்டர்ஸ்பர்க்கில் தொழிலாளர்கள் குடும்பத்தோடு கிளம்பினார்கள். முன்னால் கபோன் என்ற பாதிரியார். கையில் சாமி படம், ஜாரின் படம். எட்டு மணிநேர வேலை, நியாயமான கூலி என்று எழுதிய மனு. பாத்யுஷ்காவிடம் நேரில் கொடுத்தால் தீர்த்துவைப்பார் என்று நம்பிப் போனார்கள். படை சுட்டது. நூறு பேருக்கு மேல் பனியில் விழுந்தார்கள். அன்றோடு ‘பாத்யுஷ்கா’ என்ற ஒட்டு உதிர்ந்து, ‘ரத்த நிக்கோலஸ்’ என்ற பெயர் வந்தது. ஒரு பட்டத்தின் பொருள் ஒரே பகலில் இப்படித் தலைகீழானது வரலாற்றில் அபூர்வம்.

மன்னர் அன்று அரண்மனையில் இல்லை. நகருக்கு வெளியே ‘த்ஸார்ஸ்கோயே செலோ’வில் இருந்தார். ஜாரின் கிராமம் என்று பொருள் சொல்வார்கள். உண்மையில் அந்த இடத்தின் பழைய பெயர் ‘சாரி’ என்ற ஃபின்னியச் சொல்லிலிருந்து வந்தது. தீவு என்று பொருள். ‘சார்ஸ்கயா’ என்று ரஷ்யர் வாயில் புழங்கியதை, அரச குடும்பம் குடியேறியபின் ‘த்ஸார்ஸ்கோயே’ ஆக்கிவிட்டார்கள். பாண்டவர்களின் மாடுகளைத் திருப்பிய ஊர் திருப்பூர் என்று எங்கள் பாட்டி சொல்வாளே, அதைப்போல ஒலியை வைத்துப் பிறந்த பொருள்.

அதே 1905 மே மாதம் நடந்ததுதான் திருப்பூர்க்காரனாக என்னைத் தொடுகிறது. மாஸ்கோவுக்கு வடகிழக்கே இவானோவோ-வொஸ்னெசென்ஸ்க் என்ற ஊர். நெசவாலையும் சீட்டி அச்சடிக்கும் ஆலையுமாக நிறைந்தது. கோயம்புத்தூரைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்பதுபோல அதை ரஷ்ய மான்செஸ்டர் என்பார்கள். அங்கே ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஊருக்குள் கூட்டம் போட விடவில்லை. தால்கா ஆற்றங்கரைக்குப் போனார்கள். அங்கே ஒவ்வொரு ஆலைக்கும் ஆள் தேர்ந்தெடுத்து, சுமார் 150 பேர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. ‘சோவியத்’ என்று பேர்பெற்ற குழு அது; ரஷ்யத்தில் அந்தச் சொல்லுக்கு ஆலோசனை என்று பொருள். பின்னால் ஒரு நாட்டுக்கே பெயரான சொல், துணிக்காரர்கள் ஆற்றங்கரைப் புல்லில் உட்கார்ந்து போட்ட பேச்சில் புதுப்பொருள் பெற்றது. 72 நாள் தாக்குப்பிடித்தார்கள். நடுவில் அந்த ஆற்றங்கரையிலேயே கொசாக்குப் படை அவர்கள்மேல் பாய்ந்தது. 1984 மேடையில் பேசியவர் ‘ஜார்’ என்ற சொல்லுக்கு ஏன் குரலை உயர்த்தினார் என்பது இதைப் படித்தபின்தான் எனக்கு விளங்கியது. சாயத்தண்ணி ஓடுகிற ஆற்றங்கரை ஊர் ஒன்றின் கதையை, இன்னொரு சாயத்தண்ணி ஆற்றங்கரையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன்பின் நடந்ததைச் சுருக்கிச் சொல்லலாம். அக்டோபரில் உரிமைகள் தருவதாக அறிக்கை. 1906இல் தூமா என்ற சட்டசபை, கூடிய சில வாரத்தில் கலைப்பு. மகனுக்கு ரத்தம் உறையாத நோய். அதைத் தணிப்பதாக வந்த ரஸ்புதினுக்கு அரண்மனையில் செல்வாக்கு. 1913இல் ரொமானோவ் வம்சத்தின் முந்நூறாம் ஆண்டு விழா. 1915இல் படைத்தலைமையை மன்னரே எடுத்துக்கொண்டு போர்முனைக்குப் போனது பெரிய பிழை. தோல்வி ஒவ்வொன்றும் அவர் பெயரில் எழுதப்பட்டது.

1917 மார்ச் 8, பெத்ரோகிராத் என்று பெயர் மாறியிருந்த பீட்டர்ஸ்பர்க்கில் பெண்கள் தினம். வீபோர்க் பகுதி நெசவாலைகளின் பெண்கள், ரொட்டிக்கு வரிசையில் நின்று அலுத்தவர்கள், மெஷினை நிறுத்திவிட்டு வீதிக்கு வந்தார்கள். பக்கத்து இரும்பாலைகளின் ஜன்னல்களில் பனியை உருண்டை பிடித்து எறிந்து ஆண்களைக் கூப்பிட்டார்கள். தலைவர்கள் யாரும் அன்று வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விட்டிருக்கவில்லை. சில நாளில் படையும் அவர்கள் பக்கம் சாய்ந்தது. மார்ச் 15 அன்று ப்ஸ்கோவ் ஊரில், நின்றுகொண்டிருந்த ரயில் பெட்டிக்குள், நிக்கோலஸ் பட்டத்தைத் துறந்து கையெழுத்திட்டார்.

செய்தி புதுச்சேரிக்கு வந்தபோது அங்கே பாரதி இருந்தார். 1906 முதல் ‘இந்தியா’ பத்திரிகையில் ரஷ்யச் செய்திகளை விடாமல் எழுதிவந்தவர். ‘புதிய ருஷியா’ பாட்டுக்கு ‘ஜார் சக்கரவர்த்தியின் வீழ்ச்சி’ என்று துணைத்தலைப்பு வைத்தார். அயல்சொல்லையும் நம் சொல்லையும் ஒட்டவைத்து ஒன்றுக்கு ஒன்றை உரையாக்கியிருக்கிறார். பாட்டுக்குள் ஜாருக்கு உவமை இரணியன். தூண் பிளந்த கதை தெரிந்த தமிழனுக்கு, ரஷ்யா எங்கே இருக்கிறது என்று தெரியாமலே ஜார் யாரென்று தெரிந்துவிடும். தமிழில் ‘ஜார்’ என்ற சொல்லுக்கு இன்றுள்ள சூட்டைக் கொடுத்தது அந்தப் பாட்டுதான் என்பது என் துணிபு. அதே பாரதி 1921 ஜூலை 31இல் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில் பேசினார். இறப்பதற்கு ஆறு வாரம் முன்னால், எங்கள் மண்ணில்.

பின்னால் ஈரோட்டுப் பெரியார் 1932இல் சோவியத் நாட்டைப் பார்த்துத் திரும்பி, ஸ்ரீ, திரு எல்லாவற்றையும் விட்டுத் ‘தோழர்’ என்று அழையுங்கள் என்றார். ரகுநாதன் மொழிபெயர்த்த கார்க்கியின் ‘தாய்’ சங்க ஆபீஸ் பெஞ்சுகளில் அட்டை கிழியும்வரை சுற்றியது. பனியன் ஊரில் லெனின் என்றும் ஸ்டாலின் என்றும் பிள்ளைகள் பிறந்தார்கள். என்னோடு படித்த வகுப்பிலேயே இருந்தார்கள். பனியன் என்ற சொல்லே ‘வணிகன்’ என்பதன் உறவு. குஜராத்தி வியாபாரிகளின் பெயராகப் புறப்பட்டு, போர்த்துகீசியரிடமும் ஆங்கிலேயரிடமும் போய், அவர்கள் உடுத்திய தளர்ந்த அங்கிக்குப் பெயராகி, நம் உடம்புக்கே திரும்பி வந்தது. பெயர் பயணம் போவது இந்த ஊருக்குப் புதிதில்லை.

பட்டம் போனபின் அந்த மனிதரை என்ன சொல்லி அழைப்பது என்று காவலர்களுக்கே தடுமாற்றம். குடிமகன் ரொமானோவ் என்றார்கள், கர்னல் ரொமானோவ் என்றார்கள். சைபீரியாவின் தபோல்ஸ்கில் காவலில் இருந்தபோது அவருக்கு ரேஷன் அட்டை கொடுத்தார்கள். தொழில் என்ற இடத்தில் ‘முன்னாள் பேரரசர்’. குடும்பத்தில் ஏழு பேர். இருபது வருஷம் முன்னால் அதே மாதிரி ஒரு கட்டத்தில் அவர் கைப்பட எழுதியது என்ன என்று சொன்னேன். 1918 ஜூலை 17 விடிவதற்குமுன், எகாதெரின்பர்கில் இபாத்தியெவ் என்பவரின் வீட்டு நிலவறையில், மனைவி, நாலு பெண்கள், நோயாளி மகனோடு சுட்டுக் கொல்லப்பட்டார். 1613இல் முதல் ரொமானோவுக்கு அரியணை வழங்கப்பட்ட மடத்தின் பெயரும் இபாத்தியெவ். குழந்தைகளைச் சுட்டதற்கு எந்தக் கணக்கிலும் நியாயம் இல்லை. அப்பாவும் இதைச் சொல்வார்.

2000ஆம் ஆண்டில் ரஷ்யத் திருச்சபை அவரையும் குடும்பத்தையும் புனிதர் வரிசையில் சேர்த்தது. ஏற்கெனவே ஒரு புனித நிக்கோலஸ் உண்டு. குழந்தைகளுக்கு மறைவாகப் பரிசு வைத்தவர் என்று ஐரோப்பா முழுக்கக் கொண்டாடுகிறார்கள். டச்சுக்காரர் வாயில் ‘சிந்தர்கிளாஸ்’, அமெரிக்கா போய் ‘சாண்டா கிளாஸ்’. நிக்கோலஸின் வால்தான் அந்தக் ‘கிளாஸ்’. ஜாருக்கும் அந்தப் புனிதரின் பெயர்தான்.

போன ஜூலையில் ஒரு ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறைக்குப் போயிருந்தேன். கிறிஸ்துமஸ் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. நீள டேபிளில் கைக்குழந்தை பனியன்களின் முன்துண்டுகளை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். ஸ்க்ரீனை வைத்து, சிவப்பை ஊற்றி, ரப்பரால் ஒரு இழுப்பு. தூக்கினால் தொப்பியும் கன்னமும். அடுத்த ஸ்க்ரீனில் வெள்ளைத் தாடி. சாய வாடையில் கண் எரிந்தது. காய்ந்த துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம், “இவர் பேர் என்னங்க?” என்று கேட்டேன். அவள் துண்டைத் திருப்பி ஒருமுறை பார்த்தாள்.

“தாத்தாங்க. கிறிஸ்துமஸ் தாத்தா” என்றாள், அடுக்கிய கட்டை நூலால் கட்டிக்கொண்டே.